அழுகைப் புத்தகத்தின் நிலப்படம்

என் மனைவிக்குக் கதைப் புத்தகம் என்றாலே ஆகாது. "நடக்காததை எதுக்குங்க மெனக்கெட்டுப் படிக்கணும்?" என்பாள். எனக்கோ கதை இல்லாமல் பொழுது விடியாது. நான் தையல்காரன். வீட்டின் முன் அறைதான் கடை. மிஷினுக்கு இடப்பக்கம் நிற்கும் மர அலமாரியின் மேல்தட்டில் நூல்கண்டும் பித்தானும் கொக்கியும் இருக்கும். கீழ்த்தட்டு முழுக்க நாவல். அதுவும் ஏதோ ஒரு நாவல் இல்லை. படித்து முடிக்கும்போது சட்டைக்கை நனைந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டதாகப் பார்த்துத்தான் வாங்குவேன்.

அவள் கல்லூரியில் நிலவியல் நடத்தினாள். கல், மண், மலை, பூமிக்கடியில் ஓடும் தண்ணீர் எல்லாம் அவள் பாடம். மாணவர்கள் வைத்த பெயர் 'கல்லு டீச்சர்'. கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது. பிறகு ஒருநாள் அவளோடு கடைத்தெருவுக்குப் போனேன். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலைப் பார்த்து நின்றவள் நகரவே இல்லை. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மீன்காரர் கடையைக் கட்டிவிட்டார். அன்றிலிருந்து நானும் அவளைக் கல்லு டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் காற்றில் பறந்ததில்லை. கைக்கெட்டிய இடத்திலெல்லாம் ஒரு கல் இருக்கும். ஜன்னல் விளிம்பில், சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், மகளின் பள்ளிப் பைக்குள் என்று எங்கும் கல். மாணவர்களைக் களத்துக்குக் கூட்டிப் போவதற்கென்று அவளுக்கு நான் தைத்த கால்சட்டைகளே ஒரு தனி ரகம். முட்டியில் இரட்டைத் துணி, பக்கவாட்டில் பெரிய பைகள், பைகளுக்கு உள்ளே கான்வாஸ். சாதாரணத் துணி போட்டால் முதல் நாளே கல் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஊரில் வேறு எந்தத் தையல்காரனிடமும் அந்த மாதிரிக் கால்சட்டை கிடையாது. அவள் இறந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தக் கால்சட்டைகளில் ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரி உண்டு. வெட்டுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வருஷ மாணவர்களை அங்கே கூட்டிப் போய், பாறையைப் பார்த்து வரைபடம் போடச் சொல்லித் தருவது அவள் வழக்கம். ஒரு வருஷம், மழை பெய்த மறுநாள், மேல் விளிம்பில் கால் வைத்தாள். விளிம்பு அவளோடு சேர்ந்து கீழே வந்துவிட்டது. முட்டி நொறுங்கிப்போயிற்று. மாணவர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவளோ, "பேண்டு கிழியலைங்க, பாத்தீங்களா?" என்றாள். நான் அழுதுவிட்டேன்.

கல்லூரி அதோடு களப்பயணத்தை நிறுத்திவிட்டது. பஸ்ஸை விளையாட்டு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாவுக்கட்டோடு அவள் பல மாதம் படுத்துக்கிடந்தாள். உள்ளறையில் தனியாகக் கிடக்க முடியாது என்று அடம்பிடித்ததால் கட்டிலை என் மிஷின் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டேன். அளவு கொடுக்க வருகிற ஆட்கள் எல்லாம் அவள் காலைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். வந்தவர்களிடம் வாயைக் கொடுத்து, அவர்கள் வீட்டுக் கிணறு எத்தனை ஆழம், அஸ்திவாரம் தோண்டும்போது என்ன வந்தது என்று குடைந்தெடுத்தாள். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அவள் வாயை அடைக்க வேறு வழி தெரியாமல்தான் நான் ஒரு மத்தியானம் நாவல் வாசிக்க ஆரம்பித்தேன்.

அது அலமாரியிலேயே தடிமனான நாவல். வீட்டில் அதற்கு 'அழுகைப் புத்தகம்' என்று பெயர். ஒரு மலைச்சரிவில், ஓடையோரம் ஒரு வீடு. அப்பா இறந்ததும் அண்ணனும் தம்பியும் வீட்டின் நடுவே சுவர் எழுப்பிப் பிரித்துக்கொள்கிறார்கள். மேல்பக்கம் பெரியவருக்கு, கீழ்ப்பக்கம் சின்னவருக்கு. பெரியவர் கிணற்றில் எப்போதும் தண்ணீர். நாலு எட்டுத் தள்ளியிருக்கும் சின்னவர் கிணற்றில் தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு வராது. நடுச்சுவர் வருஷா வருஷம் ஒரே இடத்தில் வெடிக்கும். பூசிப் பூசிச் சலித்துப்போவார்கள். பிள்ளைகள் பிரிந்த வேதனையில் அம்மா விட்ட சாபம்தான் அது என்று எழுத்தாளர் உருகி உருகி எழுதியிருப்பார். சின்னவர் காய்ந்த கிணற்றுக்குள் இறங்கி நின்று அழும் கட்டத்தை நான் எத்தனை முறை படித்தாலும் அழாமல் தாண்டியதில்லை.

அன்றும் அப்படித்தான். நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"எந்தப் பக்கம்னு எழுதியிருக்கு?" என்றாள் அவள்.

"என்னது எந்தப் பக்கம்?"

"காய்ஞ்ச கிணறு. மலைப் பக்கமா, ஓடைப் பக்கமா?"

"மனுசன் அழுதுக்கிட்டு நிக்கிறான். உனக்குப் பக்கம் வேணுமா?"

"அழட்டும். பக்கத்தைச் சொல்லுங்க."

சொன்னேன். ஓடை அந்த வீட்டு மூலைக்கு வந்ததும் சட்டென்று திரும்பிப் போகிறதே, அது எந்தத் திசை என்று கேட்டாள். முதல் அத்தியாயத்தில், யாரும் நடாமலே மலையிலிருந்து வீடு வரை சரிவுக்குக் குறுக்காக வரிசையாக நிற்கும் மரங்கள் என்று ஒரு வரி வந்ததே, அதை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். எழுந்து உட்கார்ந்தாள். நான் அளவு வெட்ட வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தை இழுத்து, என் சாக்குக்கட்டியாலேயே வரைய ஆரம்பித்துவிட்டாள். மரவரிசை, நடுச்சுவர், ஓடையின் திருப்பம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றன.

"சாபமும் இல்லை, ஒண்ணும் இல்லை. அந்தக் கோட்டுல பூமி பிளந்து ஒரு பக்கம் நகர்ந்திருக்கு. நகர்ந்த இடத்துல பாறை மாவா அரைஞ்சு களிமண்ணாயிடும். மலையிலேர்ந்து அடியில வர்ற தண்ணியை அது அணை மாதிரி தடுத்துடும். மேல்பக்கக் கிணறு நிறையும், கீழ்ப்பக்கம் காயும். பிளவு மேலயே சுவரைக் கட்டினா வெடிக்காம என்ன செய்யும்? எழுதினவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்காது. ஆனா ஏதோ ஒரு ஊரைக் கண்ணால பாத்துட்டுத்தான் எழுதியிருக்கார்."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் நான் அழுத அழுகையெல்லாம் களிமண்ணுக்கா? அன்று மாலைவரை அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டு அடுத்த அத்தியாயத்தை வாசிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊன்றுகோலோடு அவள் கல்லூரிக்குத் திரும்பியபோது மூன்றாம் வருஷத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். களப்பாடத்துக்கு மார்க் உண்டு, களம் கிடையாது. பிரின்சிபால் சுலபமாக வழி சொன்னார்.

"போன வருஷத்து மேப்பைப் பாத்து வரையச் சொல்லிடுங்கம்மா. மார்க் போட வர்றவங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. எல்லா இடத்துலயும் இப்படித்தானே நடக்குது?"

இவள் முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். அன்றைக்கு அவளால் நிற்க முடிந்ததும் ஒற்றைக் காலில்தான்.

மறுநாள் காலை நான் டீ வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறேன், கட்டிலில் அழுகைப் புத்தகம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. முதுகை வெட்டி, அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என் நூலிலேயே தையல் போட்டுக்கொண்டிருக்கிறாள். அது போகட்டும். பக்கத்தில் கிடந்தது என் கத்திரி. துணி வெட்டும் கத்திரி! அந்தக் கத்திரியால் காகிதத்தைத் தொட்டால் முனை மழுங்கிவிடும் என்று எங்கள் தொழிலில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். சொந்த மகளையே நான் அதைத் தொடவிட்டதில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது.

அவள் கடைசித் துண்டைத் தைத்து முடித்தாள். பிறகு, "பசங்களுக்குக் காட்ட எனக்கு ஒரு மலை வேணுங்க. என்னால போகக்கூடிய மலை இது ஒண்ணுதான்" என்றாள். நான் கத்திரியை எடுத்துக்கொண்டு சாணை பிடிக்கப் போய்விட்டேன்.

அந்த வகுப்பை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். ஊன்றுகோலின் அடிரப்பரை வீட்டில் மறந்துவிட்டுப் போய்விட்டாள். வழுக்கி விழுந்துவைப்பாளே என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆய்வுக்கூடம் நீளமான அறை. சுவரோரம் கல் வைத்த கண்ணாடி அலமாரிகள், நடுவில் பலகை மேஜை, ஒரு மூலையில் எப்போதும் சொட்டும் குழாய். மேஜையைச் சுற்றி ஒன்பது பேரும் என் நாவலோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோர முக்காலியில் ஒண்டிக்கொண்டேன்.

"நாலாவது அத்தியாயம், அப்பாவைப் புதைக்கிறாங்க டீச்சர். முழங்கால் ஆழத்துலயே பாறை தட்டுது, கடப்பாரை போட்டு உடைக்கிறாங்க. அப்போ அங்க மேல்மண் ரொம்ப மெல்லிசு" என்றான் ஒட்டடைக்குச்சி என்று எல்லாரும் கூப்பிடும் நெடிய பையன்.

"எந்த இடம்?"

"பெரியவர் வீட்டுக்கு மேலே, மூணாவது மரத்துப் பக்கத்துல."

"குறிச்சுக்கோங்க."

இன்னொரு பெண் தன் அத்தியாயத்தை வைத்துக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். முதல் இரண்டு வருஷமும் வகுப்பில் கண்ணைத் திறந்ததே இல்லையாம். அவளுக்கு வந்திருந்தது அம்மா சாகும் அத்தியாயம். என் மனைவி கைக்குட்டையை நீட்டினாள்.

"அழு, பரவாயில்லை. அழுதுட்டுச் சொல்லு. அம்மாவை எங்கே புதைச்சாங்க?"

"சொல்லலை டீச்சர். எழுதினவரே அழுதுக்கிட்டுப் போயிட்டார் போல. இடமே வரலை."

"அப்போ மேப்புல என்ன செய்வே?"

"அப்பா பக்கத்துலதான் புதைச்சிருப்பாங்க, அங்கயே..."

"இருப்பாங்களா, இருக்காங்களா?"

என் மனைவி ஊன்றுகோலால் தரையைத் தட்டினாள். "பாத்தது முழுக்கோடு. யூகம் புள்ளிக்கோடு. யூகிக்கவும் ஆதாரம் இல்லைன்னா வெறுமனே விடு. அழகா இருக்காதுதான். விடு."

நான் ரப்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீடுவரை நடந்தே வந்தேன், மனசு நிறைந்திருந்தது. என்னைப் போல அந்தப் புத்தகத்தைப் படித்து அழுகிற ஒரு ஜீவன் அங்கேயும் இருந்ததே! அந்த வருஷத்து மாலைநேரங்கள்தான் இப்போது எனக்கு அதிகம் நினைவுக்கு வருகின்றன. பையன்களும் பெண்களும் கடைக்குள் வந்து, தைக்கிற துணிகளை ஒதுக்கிவிட்டு, பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரிப்பார்கள். சின்னவர் கிணறு அங்கே இல்லை இங்கே என்று சண்டை நடக்கும். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். புத்தகத்தில் எந்த வரி எங்கே என்று எனக்குத்தான் மனப்பாடம். "மாமா சொன்னா சரிதான்" என்று அடங்கிவிடுவார்கள். கொக்கி தைக்கும் வேலை அப்படியே கிடக்கும். இப்போது கடை சுத்தமாக, அமைதியாக இருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை.

வருஷக் கடைசியில் மதிப்பெண் போட வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். தலையில் எப்போதும் துணித் தொப்பி, இடுப்பில் சுத்தியல் மாட்டும் வார். தொப்பிக்காரர் என்றே பேர். கறாரானவர். ஒன்பது வரைபடங்களையும் மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அருமையான பிளவும்மா. இவ்வளவு தெளிவா ஒண்ணை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. சாப்பிட்டதும் கிளம்பலாம், எனக்கு அந்த இடத்தைக் காட்டுங்க" என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டாராம்.

அறையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

நடந்தது இதுதான். பிள்ளைகள் வரைபடத்தில் பெரியவர் வீடு, சின்னவர் கிணறு, அப்பா கல்லறை என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருந்தார்கள். இது ஒரு நாவலில் வரும் ஊர் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. வருஷம் முழுக்க அந்தச் சரிவிலேயே குடியிருந்ததில் அதை எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் மனைவியும் கோடுகளைத் திருத்தினாளே தவிர, மேலே தலைப்பு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மற்றவர்கள் ஆயிரம் தப்பு செய்வார்கள். இப்படி ஒரு தப்பை அந்த வகுப்பால்தான் செய்ய முடியும்.

அவள் உடனே உண்மையைச் சொல்லிவிட்டாள். தொப்பிக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இல்லாத ஊருக்கு மேப்பா? கண்ணால பாக்காததை வரையச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. இதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?"

அவள் களப்பயணம் நின்றுபோன விவரத்தைச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, அவள் ஊன்றுகோலைப் பார்த்தார்.

"குவாரி இங்கேயிருந்து பக்கம்தானே? பஸ் இல்லைன்னா ஆட்டோவுல போகலாமே. உண்மையைச் சொல்லுங்க. புத்தகத்தை எடுத்தது பசங்களுக்காகவா, உங்களுக்காகவா?"

"முதல்ல எனக்காகத்தான் சார். எனக்கு அங்கே போகப் பயமா இருக்கு."

இதை அவளே வீட்டில் வந்து சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பயம் எனக்குத் தெரியாததா? மாடிப்படி இறங்கும்போதே சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவாள். நான் பார்க்காதது போல் இருந்துவிடுவேன்.

தொப்பிக்காரர் கெடு வைத்துவிட்டுப் போயிருந்தார். மறுநாள் காலை ஒன்பது பேரும் குவாரிக்கு வரவேண்டும். அங்கே நிஜமான பாறையை வரைய வேண்டும். சரியாக வந்தால் கையெழுத்து. இல்லையென்றால் ஒன்பது பேருக்கும் வருஷம் போச்சு, களப்பாடம் இனி இவள் கையில் இருக்கக்கூடாது என்றும் எழுதிவிடுவார். களப்பாடத்தை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது? முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்குக் கல்லின் பெயரை ஒப்பிப்பதுதான்.

காலையில் அவளை ஸ்கூட்டரில் உட்காரவைத்து, கடை முக்காலியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனேன். குவாரி ஒரு பெரிய அரைவட்டம். வெளிறிய பாறை அடுக்கடுக்காக ஏறிப் போகிறது. அதற்குள் குறுக்கே ஒரு கறுப்புப் பாறைப் பட்டை. ஆதியில் உருகி வந்து வெடிப்புக்குள் புகுந்து இறுகிய பாறையாம் அது. அந்தப் பட்டை எங்கே தொடங்கி எப்படிப் போகிறது என்பதைத்தான் வரைய வேண்டும்.

அவள் பாதையில் கொஞ்ச தூரம் ஏறினாள். முதல் வளைவிலேயே நின்றுவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓர் அடி வைத்தாள். பிறகு திரும்பி இறங்கி வந்தாள். தொப்பிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். முக்காலியைப் போட்டு உட்காரவைத்தேன்.

பிள்ளைகள் மேலே போனார்கள். போன சற்று நேரத்தில் ஒட்டடைக்குச்சியின் குரல் கேட்டது.

"டீச்சர்! பட்டை இங்க ஒரு முழ அகலம்! வடகிழக்கே போகுது! நேர் செங்குத்து!"

யாரும் அவனைக் கத்தச் சொல்லவில்லை. வகுப்பில் அத்தியாயத்தை வாசித்துச் சொல்லிச் சொல்லிப் பழகியவன், பாறையையும் அப்படியே வாசித்துவிட்டான். இன்னொரு மூலையிலிருந்து இன்னொரு குரல். அதற்கு மேலிருந்து ஒன்று. என் மனைவி மடியில் பலகையை வைத்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் எல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் குறித்துக்கொண்டாள். "கூட இருக்கிற வெள்ளைப் பாறை பட்டையோட சூட்டுல வெந்திருக்கா பாரு!" என்று பதிலுக்குக் கத்தினாள். அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலை அப்போதுதான் கேட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெயிலில் கண் கூசுகிறது என்று திரும்பிக்கொண்டேன்.

உச்சியில் வலது மூலை மட்டும் பாக்கி. அவள் விழுந்த விளிம்பு அதுதான். ஒட்டடைக்குச்சி அதன் பக்கம் போய் நின்றான். அவள் எழுந்துவிட்டாள். ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. அவன் ஒரு கல்லை எடுத்து விளிம்பில் போட்டுப் பார்த்தான். மண்ணோடு சரிந்தது. அவன் பின்வாங்கி, மற்றவர்களோடு ஏதோ பேசிவிட்டு இறங்கிவந்தான். அவள் முக்காலியில் விழுந்தமாதிரி உட்கார்ந்தாள்.

தொப்பிக்காரர் ஒன்பது வரைபடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதிலும் வலது மேல்மூலை வெறுமையாக இருந்தது. முழுக்கோடும் இல்லை, புள்ளிக்கோடும் இல்லை.

"ஏன் விட்டுட்டீங்க? பட்டை நேராத்தானே வருது. அப்படியே நீட்டிவிட்டா முடிஞ்சது."

தூங்குமூஞ்சிதான் பதில் சொன்னாள். "பாக்கலை சார்."

"பாக்கலைன்னா யூகிக்கலாமே. புள்ளிக்கோடு எதுக்கு இருக்கு?"

"அந்த மூலை முழுக்க சரிஞ்ச மண்ணு சார். உள்ளே பட்டை நேரா போகுதா, வளையுதா, முறிஞ்சிருக்கான்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. கதையிலயும் அம்மாவைப் புதைச்ச இடத்தை எழுதினவர் சொல்லலை சார். அங்கயும் நாங்க விட்டுட்டோம்."

அவர் அந்த மூலையை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். உள்ளே சுத்தமான வழுக்கை. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

"இந்தக் குவாரி மேப் எத்தனையோ வருஷமா என் கைக்கு வருதும்மா" என்றார் என் மனைவியிடம். "எல்லாத்துலயும் அந்த மூலையில நேர்க்கோடு இருக்கும். நான் படிக்கிறப்போ இங்கதான் வந்தேன். நானும் நேர்க்கோடுதான் போட்டேன். பக்கத்துல போய்ப் பாத்து இல்லை. முன்னாடி படிச்சவன் மேப்புல அப்படி இருந்துச்சு."

ஒன்பதிலும் கையெழுத்துப் போட்டார். களப்பாடம் அவளிடமே இருக்கட்டும் என்று எழுதினார். மழைக்காலத்துக்கு நாவல், மற்ற நாளுக்குக் குவாரி என்று சொல்லிவிட்டு, "நீங்களும் வரணும்மா. கீழே உக்காந்தாவது" என்றார். அவள் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கடையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, "குவாரிக்குப் போகலாம் வாங்க" என்றாள். பிள்ளைகள் இல்லை, தேர்வு இல்லை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்காது.

என்னைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக ஏறினாள். முதல் வளைவைத் தாண்டினாள். இரண்டாவது வளைவையும் தாண்டி, பாதி உயரத்தில் ஓர் அகலமான படிமேல் போய் நின்றாள். அங்கிருந்து மேல் விளிம்பை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். அவள் அழுகிற சத்தம் பாறையில் மோதி என்னிடம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அழுது நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"என்னங்க! இறங்க முடியலை. வாங்க!"

எனக்கு உயரம் என்றால் உதறல். தொப்பை வேறு, காலில் வீட்டுச் செருப்பு. எப்படிப் போனேன் என்று தெரியாது, போய்விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்று தெரியவில்லை. அவள் அழுகை கொஞ்சம் தணிந்ததும், "மேலே போகணுமா?" என்றேன். எனக்கு அது தேவையா? கேட்டுவிட்டேன்.

மேலே பார்த்தாள். "வேணாம்" என்றாள்.

நின்றபடி இறங்க இருவருக்கும் துணிச்சல் வரவில்லை. உட்கார்ந்தபடியே, கையை ஊன்றி ஊன்றிச் சறுக்கிக்கொண்டு வந்தோம். என் கால்சட்டை பின்னால் முழுசாகக் கிழிந்துபோனது. அதைப் பார்த்து அவள் கண்ணீரோடு சிரித்தாள். கீழே வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றாள்.

"அடுத்த வருஷம் பசங்களோட வர்றப்போ அந்தப் படி வரைக்கும் வந்துடுவேங்க" என்றாள். "அதுக்கு மேலே என்னால முடியாது. அதை அவங்ககிட்ட முதல் நாளே சொல்லிடணும்."

சொன்னாள். ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு வருஷமும், மூன்றாம் வருஷத்து முதல் வகுப்பில், கரும்பலகையில் அந்தக் குவாரியை வரைந்து, பாதியில் ஒரு கோடு போட்டு, "இதுக்கு மேலே எனக்குப் பயம்" என்று சொல்லிவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பித்தாள். ஒரு வருஷமும் ஒருவரும் சிரித்ததில்லையாம்.